மதில் மேலிருந்து இறக்கும் வளைய வலை: வளையம், கண்ணி, கயிறு என்ன அளவில் எடுப்பது?

தேயிலைமேடு (கூடலூர்)

எல்லாருக்கும் வணக்கம். விடுமுறை கிடைக்கும்போது நாங்க நாலைந்து பேர் நாடுகாணி இறங்கி, வழிக்கடவு, நிலம்பூர் வழியா கோழிக்கோடு, பேப்பூர் பக்கம் தூண்டில் போடப் போறோம். தூண்டில் விவகாரம் ஓரளவு தெரியும். மதில் மேலிருந்து கயிற்றில் இறக்கும் வளைய வலை பற்றித்தான் ஒன்றும் தெரியவில்லை. தெரிஞ்சவங்க சொல்லுங்க:

ஆற்று முகத்துவாரத்தில் மதில் ஓரமா நண்டு பிடிக்க எந்த அளவு வளையம், என்ன கண்ணி (வலையின் துளை அளவு) வேணும்? தண்ணிக்கு மேலே 4, 5 மீட்டர் உயரத்தில் நின்று தூண்டில் போடும்போது பெரிய மீன் மாட்டினால் அதைத் தூக்கவும் இதே வலை உதவுமா? கடையில் விற்கிற 60 செ.மீ. மடக்கு வலை போதுமா, இல்லை நாமே செய்துக்கலாமா? எங்க வீட்டில் தேயிலை நாற்றங்காலுக்கு வாங்கின ஷேட் நெட் மீதி கிடக்கு, பழைய சைக்கிள் ரிம்மும் இருக்கு. அதை வைத்தே ஒப்பேத்த முடியுமா?

கடைசியா ஒண்ணு. அந்த வலையை நம்ம பைக்காரா, ஊட்டி ஏரிப் பக்கம் பயன்படுத்தலாமா?

---

கழிமுகம்

தம்பி, நண்டுக்கு ஒரு வலை, தூண்டில் மீனைத் தூக்க வேறு வலை. ரெண்டையும் ஒரே வலையில் முடிக்கப் பார்த்தால் ரெண்டும் கெடும். நண்டு வலை தரையில் அப்பளமாகத் தட்டையாக் கிடக்கணும். மீன் தூக்கும் வலை தண்ணிக்குள் ஆழமாகத் தொங்கணும். நான் நண்டு வலையை மட்டும் சொல்றேன், மற்றதை வேறு யாராவது சொல்லட்டும்.

வலையைப் பார்க்கிறதுக்கு முன்னால் மதிலைப் பாருங்க. இந்த வலை வேலை செய்யணும்னா சுவர் செங்குத்தா இறங்கணும், அடியில் மணலோ சேறோ இருக்கணும். பேப்பூர் புலிமுட்டு (கடலுக்குள் நீட்டின அலைத்தடுப்பு) பாறாங்கல் கொட்டின சரிவு. அங்கே விளிம்பில் நின்று இறக்கினால் வலை தண்ணிக்குப் போகாது, கல்லிடுக்குக்குத்தான் போகும். தூக்கும்போது வளையம் கல்லுக்கடியில் மாட்டி, கயிறு அறுந்து, வலை அங்கேயே தங்கிடும். நான்குகால் கான்கிரீட் கட்டை அடுக்கின அலைத்தடுப்பிலும் இதே கதைதான். உங்களுக்கு வேண்டியது ஆற்றோரக் கல்மதில், சிறு படகுத்துறை, பழைய பாலத்தின் ஓரம் மாதிரி இடம். மீன்பிடித் துறைமுகத்துக்குள் அனுமதி கேட்காமல் போக வேண்டாம்.

இடம் சரியா என்று பார்க்க, அரைக்கிலோ கல்லை சணல் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்க. அடியைத் தொட்டதும் மெதுவா இழுங்க. வழுக்கிக்கொண்டு வந்தால் மணல். பிடித்துப் பிடித்து வந்தால் சேறு. 'டக்' என்று நின்றால் கல் அல்லது பழைய வலைக் குப்பை, வேறு இடம் பாருங்க. அந்தக் கயிற்றிலேயே ஆழத்தையும் அளந்துக்கலாம்.

வளையம்: 60 செ.மீ. சிறிசு. நண்டு இரையைத் தின்னும்போது உடம்பு வளையத்தின் ஓரத்துக்கு வெளியிலேயே இருக்கும், தூக்கின கையோடு நழுவும். 75 செ.மீ. சரியான அளவு. 90 செ.மீ. நல்லா பிடிக்கும், ஆனால் நீரோட்டத்தில் இழுக்க முதுகு வலிக்கும், பஸ்ஸில் கொண்டுபோகவும் முடியாது.

75 செ.மீ. வளையத்துக்கு 8 மி.மீ. கம்பி 2.4 மீட்டர் வெட்டுங்க. சுற்றளவு 2 மீட்டர் 36, மீதி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பற்றவைக்க. எடை 950 கிராம் வரும், அமைதியான தண்ணிக்கு அது போதும். 6 மி.மீ. கம்பி என்றால் அரைக்கிலோதான், ஓட்டத்தில் அந்தரத்திலேயே மிதந்து போகும். கடையில் விற்கிற மடக்கு வலையில் பெரும்பாலும் 4 மி.மீ. கம்பிதான். வாங்கும் முன் முட்டியில் வைத்து அழுத்திப் பாருங்க. முட்டை வடிவத்துக்கு வளைஞ்சால் வேண்டாம். வளைஞ்ச வளையம் தரையில் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், அந்த இடைவெளியில்தான் நண்டு வெளியே போகும்.

எடை சேர்க்கணும் என்றால் கல்லைக் கட்டாதீங்க. தண்ணிக்குள் கல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துடும், கான்கிரீட் துண்டு 40 சதவீதம் இழக்கும். இரும்பு 13 சதவீதம், ஈயம் 9 சதவீதம்தான். 250 கிராம் ஈயம் மூன்றை வளையத்தில் சம இடைவெளியில் கட்டுங்க. ஒரே பக்கம் கட்டினால் வலை சாய்ந்து இறங்கி, கவிழ்ந்து விழும்.

கண்ணி: நண்டுக்கு இழுத்துப் பிடித்தால் 40 முதல் 50 மி.மீ. இறால்தான் வேணும் என்றால் 10, 12 மி.மீ. சின்னக் கண்ணி எல்லாத்தையும் பிடிக்கும்னு நினைக்க வேண்டாம். கண்ணி சிறுத்தால் தண்ணி வடியாது. வலை ஒரு குடம் தண்ணியோடு எழும்பும், வேகம் குறையும், உள்ளே இருப்பது ஓரம் வழியா வழிஞ்சு போகும். ஷேட் நெட் உதவாது என்பது இதனால்தான். நாற்றங்காலுக்கு நிழல் தரட்டும், விட்டுடுங்க.

நூல்: மீன்வலைக் கடையில் கிடைக்கும் ஒற்றை இழை நரம்பு வலை மலிவு. ஆனால் நண்டுக் கொடுக்கு அதில் சிக்கினால் பிரிக்கவே நேரம் போயிடும், பாதி நண்டு காலை இழந்துதான் வரும். முறுக்கு நூல் வலை எடுங்க. நைலான் முறுக்கு நூல் தண்ணியில் மூழ்கும். எச்.டி.பி.ஈ. என்கிற பிளாஸ்டிக் நூல் உறுதியானது, ஆனால் மிதக்கும். அந்த வலையை ஒற்றை வளையத்தில் கட்டினால் அடியில் நடுப்பகுதி மேலே உப்பி, இரையை மூடிக்கொண்டு நிற்கும். எச்.டி.பி.ஈ.தான் கிடைத்தது என்றால் நடுவில் 100 கிராம் ஈயம் ஒன்று கட்டாயம்.

வலையை வளையத்தில் கட்டும்போது நடுவில் 15 செ.மீ. தொய்வு விடுங்க. இழுத்துக் கட்டினால் தூக்கும்போது நண்டு உருண்டு ஓரத்துக்கு வரும். ரொம்பத் தொங்கவிட்டால் அடியில் கிடக்கும் குப்பியையும் குச்சியையும் அள்ளும்.

ஒற்றை வளையத்தைவிட இரட்டை வளையம் மேல். கீழ் வளையம் 50 செ.மீ., 10 மி.மீ. கம்பி, ஏறக்குறைய ஒரு கிலோ. மேல் வளையம் 75 செ.மீ., 6 மி.மீ. கம்பி, அரைக்கிலோ. ரெண்டுக்கும் நடுவில் 25 முதல் 30 செ.மீ. வலைச் சுவர். அடியைத் தொட்டதும் பெரிய வளையம் சின்னதைச் சுற்றி விழுந்து தட்டையாகும். இழுத்ததும் முதலில் மேல் வளையம் எழும்பி சுவர் நிமிரும், அதுக்கப்புறம்தான் கீழ் வளையம் தரையை விடும். கீழ் வளையம் கனமா இருக்கணும் என்பதன் காரணம் இதுதான். ரெண்டும் ஒரே எடையில் இருந்தால் ரெண்டும் சேர்ந்தே எழும்பும், சுவர் நிமிராது.

பிடிக்கயிறு: மேல் வளையத்தில் சம தூரத்தில் மூன்று இடத்தில் கட்டி மேலே ஒன்றாகச் சேர்க்கணும். ஒவ்வொன்றும் 75 முதல் 80 செ.மீ. அதைவிடக் குட்டையா இருந்தால் தூக்கும்போது கயிறு வளையத்தை உள்பக்கம் இழுக்கும், நண்டுக்கும் குறுக்கே நிற்கும். நீளமா இருந்தால் அடியில் தொய்ந்து இரைமேல் சுருண்டு கிடக்கும். மூன்றும் சேரும் இடத்தில் எலுமிச்சை அளவு தக்கை ஒன்று கட்டுங்க. கயிறு மூன்றையும் வலைக்கு மேலே நிமிர்த்திப் பிடித்து வைக்கும். தக்கைக்கு மேல் ஒரு ஸ்விவல் (சுழலும் இணைப்பு). அது இல்லாவிட்டால் ஓட்டத்தில் வலை சுழன்று மூன்று கயிறும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும்.

மெயின் கயிறு 8 மி.மீ. 4 மி.மீ. கயிறும் எடையைத் தாங்கும், கைதான் தாங்காது. பிளாஸ்டிக் பி.பி. கயிறு மிதக்கும். படகு போகிற இடத்தில் அது விசிறியில் சுற்றும், பக்கத்தில் தூண்டில் போடுகிறவர் நூலிலும் சிக்கும். பாலியெஸ்டர் கயிறு மூழ்கும், இழுபடாது, அதுதான் நல்லது. நீளத்துக்கு: தண்ணி வற்றும்போது மதில் உயரம், ஏற்றத்தின்போது ஆழம், ரெண்டையும் கூட்டி அதில் பாதியைச் சேர்த்துக்கங்க. 4 மீட்டர் மதில், 3 மீட்டர் ஆழம் என்றால் 10, 11 மீட்டர். கயிற்றின் மறுமுனையைக் கட்டிவிட்டுத்தான் வலையை இறக்கணும். சிரிக்காதீங்க, கயிறு மொத்தமும் கையை விட்டுப் போறது அடிக்கடி நடக்கிறதுதான்.

---

நடுவட்டம்75

கழிமுகம் அண்ணா சொன்னதோடு இரையையும் தூக்கும் முறையையும் சேர்த்துக்கறேன். வலை எவ்வளவு நல்லா இருந்தாலும் இந்த ரெண்டில்தான் பலபேர் கோட்டை விடுறாங்க.

இரைக்கு எண்ணெய் ஊறும் மீன் வேணும்: மத்தி, அயிலைத் தலை, குடல். வெள்ளைச் சதை மீன் அவ்வளவா வாசனை விடாது. இங்கிருந்து கொண்டுபோகிறதா இருந்தால் கோழிக்கழுத்து, தோல் மலிவு. முந்தின ராத்திரியே கிலோவுக்கு 200 கிராம் கல்லுப்பு போட்டுப் புரட்டி வைங்க. நீர் வடிஞ்சு சதை இறுகும், கரைஞ்சு போகாது. மலை இறங்கின சூட்டிலும் சீக்கிரம் நாறாது.

இரையை வெறுமனே கட்டினால் சிறு கெளுத்தியும் பேத்தையும் பத்து நிமிஷத்தில் பிய்த்துத் தின்னுட்டுப் போயிடும். அப்புறம் நண்டு எதுக்கு நிற்கும்? வெங்காய மூட்டை வலையில் உள்ளங்கை அளவு வெட்டி, 150, 200 கிராம் இரையைப் பொதிந்து, நடுவலையில் ரெண்டு இடத்தில் கட்டுங்க. ஒரே இடத்தில் கட்டினால் நண்டு அதை ஓரத்துக்கு இழுத்துவந்து வைத்துத் தின்னும்.

வலையை வீசக் கூடாது. கையில் இருந்து நழுவவிட்டு, தட்டையா இறக்கணும். தரையைத் தொட்டது கயிற்றில் தெரியும். அதுக்கு மேல் அரை மீட்டர் கயிறு தளர்த்தி விடுங்க. விறைப்பா வைத்தால் அலையில் வளையம் எழும்பி எழும்பி விழும், நண்டு கிட்டே வராது.

நண்டுக்கு 10 முதல் 15 நிமிஷம். இறாலுக்கு 3, 4 நிமிஷம் போதும். அரைமணி நேரம் விட்டால் அதிகம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம், இது கூண்டு இல்லை, கதவும் கிடையாது. தின்னு முடிச்சது போயிடும்.

தூக்குவது இப்படி: முதலில் தளர்வை மட்டும் மெதுவா எடுங்க, விறைப்பு கைக்குத் தெரிகிற வரைக்கும். மதிலோரத்தில் வலைக்கு நேர் மேலே நில்லுங்க. சாய்வா இழுத்தால் வளையம் ஒரு பக்கம் முதலில் எழும்பி, மறுபக்கம் வழியா எல்லாம் வெளியே கொட்டும். இப்போ ஒரே வீச்சில் கையை மேலே கொண்டுவந்து ஒரு மீட்டர் இழுக்கணும், அங்கிருந்து நிற்காமல் கைமாற்றி கைமாற்றி. வலை எழும்பும்போது தண்ணிதான் நண்டை அடியோடு அழுத்தி வைக்குது. ஒரு நொடி நின்றால் அந்த அழுத்தம் போச்சு, நண்டு சுவரேறிடும். தண்ணியை விட்டு வெளியே வந்த பிறகு நிதானமா எடுக்கலாம்.

கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இழுக்காதீங்க. அடியில் மாட்டின வலையைப் படகு எழுப்பும் அலை இழுத்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும்.

ஓட்டம் ரொம்ப வேகமா இருக்கும்போது வலை தட்டையாக் கிடக்காது. தண்ணி ஏறத் தொடங்கி முதல் ரெண்டு மணி நேரமும், ஏற்றம் முடிஞ்சு தண்ணி நிற்கும் நேரமும் நல்லது. மூன்று வலை இருந்தால் 10 மீட்டர் இடைவெளியில் வைத்து வரிசையா மாற்றி மாற்றித் தூக்கலாம், ஒருத்தர் போதும்.

---

கோத்தகிரி பட்டறை

சைக்கிள் ரிம்மைத் தூக்கிப் போட வேண்டாங்க. 28 அங்குல ரிம் வெளி விட்டம் 64 செ.மீ.க்கு மேல் வரும். ஸ்போக் ஓட்டை இருப்பதால் வலை கட்ட லேசு, பின் ரிம் என்றால் 40 ஓட்டை. வளையவும் வளையாது. ஒற்றை வளைய வலைக்கு, ஓட்டமில்லாத இடத்துக்கு தாராளமாப் போதும். ஒரே குறை, குழிவான பக்கத்தில் உப்புத்தண்ணி தங்கி உள்ளிருந்து துரு பிடிக்கும். ஓட்டையின் விளிம்பை அரத்தால் தேய்த்துடுங்க, இல்லாவிட்டால் நூலை அறுக்கும்.

கம்பியில் செய்கிறதா இருந்தால்: முனை ரெண்டையும் முட்டவைத்துப் பற்றவைக்காமல் 4 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்து ரெண்டு பக்கமும் பற்றவையுங்க. பற்றவைப்புப் பிசிறை அரைத்து வழவழப்பா எடுங்க. முதலில் துரு பிடிக்கிறதும் நூல் அறுகிறதும் அந்த இடத்தில்தான். துத்தநாகப் பூச்சுக் கம்பி என்றால் பற்றவைக்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்க. அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

கல்மதிலில் உரசி உரசி வலை கட்டின நூல்தான் முதலில் தேயும். தோட்டத்துக்குத் தண்ணி விடும் பழைய ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கீறி வைங்க. பைப்புக்கு மேலே நூலைக் கட்டாமல், வளையத்தில் நூல் கட்டின பிறகு அதன் மேல் பைப்பை மாட்டி 15 செ.மீ.க்கு ஒரு கட்டு போடுங்க. கீறாமல் முழுப் பைப்பில் கம்பியைச் செருகினால் உள்ளே காற்று அடைபட்டு வளையம் லேசாகிடும். வலையை வளையத்தில் கோக்கும்போதும் ஒரே நீள நூலால் சுற்றிக்கொண்டே போகாதீங்க. ஓரிடத்தில் அறுந்தால் மொத்தமும் உருவிக்கும். ஒரு சாண் நீளத்துக்கு ஒரு முடிச்சு.

---

தேயிலைமேடு (கூடலூர்)

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. மீன் தூக்கும் வலை பற்றி யாராவது? போனமுறை கூட வந்தவர் நூலைப் பிடித்தே தூக்கிடலாம் என்கிறார்.

---

சரக்கொன்றை

நூலைப் பிடித்துத் தூக்குவது முக்கால் கிலோ வரைக்கும் சரி. அதற்கு மேல் சூதாட்டம். மீன் தண்ணீருக்குள் இருக்கும்வரை அதன் எடையைத் தண்ணீர் சுமக்கிறது. உங்கள் நூல் சுமப்பது அதன் இழுப்பை மட்டும். வெளியே வந்ததும் 3 கிலோ மீன் முழுதாக 3 கிலோ, துள்ளும்போது அதைப்போல் இரண்டு மடங்கு. நூல் தாங்கினாலும் வாய்ச்சதை கிழிந்து கொக்கி கழன்றுவிடும். பிரெய்டு நூல் (பின்னல் நூல்) என்றால் மதிலில் ஒட்டியிருக்கும் சிப்பிகளில் ஒரு தடவை பட்டால் போதும், அறுந்துவிடும். நீளக் கம்பு வைத்த அத்தாங்கு (கைவலை) 3 மீட்டர் உயரம்வரை எட்டும். அதற்கு மேல் கயிற்றில் இறக்கும் வலைதான்.

இந்த வலையின் அளவுகள் வேறு. வளையம் 75 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 90 இருந்தால் நிம்மதி. பாறை, கொடுவா போன்ற மீன்கள் வளைந்து கொடுக்காது. விட்டம் சிறிதாக இருந்தால் ஓரத்தில் முட்டி, அங்கேயே கொக்கி கழன்றுவிடும். வலையின் ஆழம் 50 முதல் 60 செ.மீ. அடிமுனையில் 100 முதல் 150 கிராம் ஈயம் கட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் ஓட்டத்தில் வலை மேலே பொங்கி வாயை அடைத்துக்கொள்ளும். வளையத்துக்கு 8 மி.மீ. கம்பி.

பிடிக்கயிறு மூன்று போதும், நான்கு வேண்டாம். மீன் கயிறுகளுக்கு நடுவில்தான் நுழைய வேண்டும், மூன்று என்றால் வழி அகலம். நீளம் வளையத்தின் விட்டத்தைவிடச் சற்றுக் கூடுதல், 90 முதல் 100 செ.மீ. இதில் தக்கை கட்டாதீர்கள். செயற்கை இரையில் மூன்று முனைக் கொக்கி போடுகிறவர்கள் ரப்பர் பூசிய வலை வாங்குவது நல்லது. சாதாரண நூல் வலையில் அந்தக் கொக்கி மாட்டினால் வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதைவிட மோசம், மீன் வலைக்குள் வரும் முன்பே வெளிப்பக்கக் கண்ணியில் கொக்கி மாட்டிக்கொள்வது. மீன் வெளியே தொங்கும், உள்ளேயும் போகாது.

பயன்படுத்தும் முறை: இரண்டு பேர் வேண்டும். மீன் களைத்து, பக்கவாட்டில் சாயத் தொடங்கும்வரை வலையை இறக்க வேண்டாம். சீக்கிரம் இறக்கினால் மீன் வலையைப் பார்த்து மிரண்டு கடைசி ஓட்டம் ஓடும், நூல் வலைக்கயிற்றில் சுற்றும். வலைக்காரர் மீனுக்கு ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் வலையை இறக்கி, வளையம் தண்ணீர் மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருக்கும்படி அசையாமல் பிடிக்க வேண்டும். தூண்டில்காரர் மீனைத் தலை முன்னால் வரும்படி வலைக்கு மேலே கொண்டுவர வேண்டும். வலை மீனைத் துரத்தக் கூடாது, மீன்தான் வலைக்கு வர வேண்டும். மீன் நடுவுக்கு வந்ததும் "தூக்கு" என்று சொல்வதும் நூலை ஒரு மீட்டர் தளர்த்துவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். தளர்த்தினால் தலை கீழே போய் மீன் வலைக்குள் விழும். தளர்த்தாமல் இருவரும் சேர்ந்து இழுத்தால் மீன் வளையத்துக்கு மேலேயே தொங்கிக்கொண்டு வரும், பாதி வழியில் வெளியே விழும்.

தூக்கும்போது ரீலின் பிடியைத் திறந்து விடுங்கள். வலை ஏறும் வேகத்துக்கு நூல் சுற்ற முடியாது. மதிலை ஒட்டி வராமல், கையை வெளியே நீட்டி இழுங்கள். வளையம் மதிலின் நீட்டிய கல்லில் மாட்டினால் வலை அப்படியே கவிழும்.

தனியாகச் செய்வதானால் வலையை முன்கூட்டியே தண்ணீரில் இறக்கி, கயிற்றை இடுப்புயரக் கம்பியில் உருவிக்கொள்ளாத முடிச்சாகக் கட்டி வைக்க வேண்டும். மீனை அதன் மேல் கொண்டுவந்ததும் தூண்டிலைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் கயிற்றை இழுக்கலாம். அமைதியான தண்ணீரில் முடியும். அலை இருந்தால் முடியாது.

பாலத்தூண்களுக்கு இடையில் இறக்கினால் வலை ஆடிப்போய்த் தூணில் மோதும். ஓட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்க ஓரத்தில் நின்று தூண்டில் போட்டால்தான் வலையும் மீனும் தூணை விட்டு விலகி நிற்கும்.

---

எமரால்டு கரை

பைக்காரா, ஊட்டி ஏரி கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. சுருக்கமாச் சொல்றேன்: வேண்டாம்.

அணைச்சுவர் மேல் ஏறவே விடமாட்டாங்க, அது மின்வாரியத்தின் பாதுகாப்புப் பகுதி. அவலாஞ்சி, அப்பர் பவானி வனத்துறைக்குள் வருது. தூண்டில் போட மீன்வளத்துறையிடம் சீட்டு வாங்கினாலும் வலை போட அது செல்லாது என்று வைத்துக்கங்க. சந்தேகம் இருந்தால் உதகை மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்க. கொடைக்கானல் பக்கம் பேரிஜமும் வனத்துறைதான்.

அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், பிரயோஜனமும் இல்லை. 1907-ல் மீன்வள நிபுணர் வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்ததிலிருந்து பேசப்படுகிற ட்ரவுட் மீன், அடியில் கிடக்கும் அழுகின இரைக்கு வலைக்குள் வராது. கெண்டை வரும், ஆனால் நம்ம ஏரிக்கரை எல்லாம் சரிவு, கம்பு வைத்த அத்தாங்கே போதும். ஓடையில் இருக்கும் சிறு நண்டுகளைத் தொடாதீங்க. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனங்கள் அதில் உண்டு.

இன்னொண்ணு. கீழே பயன்படுத்தின வலையை ஈரத்தோடு மேலே கொண்டுவந்து நம்ம ஏரியில் முக்காதீங்க. சேறு, பாசி, முட்டை, நோய் எல்லாம் கூட வரும். நல்ல தண்ணியில் அலசி, முழுசா காய வைத்த பிறகுதான். உயிர் இரையா பிடித்த குஞ்சுகளை ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோறதும் கூடாது.

---

கழிமுகம்

எப்போ போகணும் என்பதை விட்டுட்டேன். உங்க பாண்டியாறு, புன்னம்புழா தண்ணி சாலியாற்றில் கலந்துதான் பேப்பூரில் கடலுக்குப் போகுது. தேவாலா, பந்தலூரில் மழை கொட்டும்போது முகத்துவாரம் முழுக்க நல்ல தண்ணி, செந்நிறத்தில் ஓடும். உப்பு குறைஞ்சதும் நண்டு கடல் பக்கம் விலகும். ஓட்டத்தில் வலையும் நிற்காது, மரக்கிளை வந்து சுற்றும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் விட்டுடுங்க. ஜனவரியிலிருந்து மே வரை உப்பு ஆற்றுக்குள் நல்லா ஏறி வரும், பச்சை நண்டுக்கு (சேற்று நண்டு) அதுதான் நேரம். கடலோரத்தில் நீலக்கால் நண்டும் மூன்று புள்ளி நண்டும் கிடைக்கும்.

ஏப்ரல், மே மாதத்தில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவா இருக்கும். தெற்கே தூரக் கடலில் எழுந்த அலை வந்து மதில் மேல் ஏறும். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதுக்கு எச்சரிக்கை விடுது, மலை இறங்கும் முன் பார்த்துடுங்க. கோழிக்கோடு கடற்கரையில் நிற்கும் பழைய கடற்பாலத்தின் மிச்சம் தூண்கள்தான், போட்டோவுக்கு மட்டும், அதன் மேல் ஏறி வலை போட இல்லை.

வயிற்று மடலுக்கு அடியில் ஆரஞ்சிலிருந்து கறுப்பு வரை முட்டைக் கொத்து இருக்கிற பெண் நண்டை அப்பவே தண்ணியில் விடுங்க. ஓடு அமுங்குகிற நண்டில் சதை இருக்காது, அதையும் விடலாம்.

---

தேயிலைமேடு (கூடலூர்)

நண்டை உயிரோடு கூடலூர் வரை கொண்டுவர முடியுமா?

---

நடுவட்டம்75

பச்சை நண்டு என்றால் முடியும். பின்பக்கமா, கடைசிக் கால்களுக்கு நடுவே மேலோட்டைப் பிடித்து, கொடுக்கு ரெண்டையும் உடம்போடு மடக்கி சணலால் கட்டுங்க. ஈரச் சாக்கைப் பிழிஞ்சு மூங்கில் கூடையில் விரித்து, ஒரே அடுக்கா வைத்து, மேலே இன்னொரு ஈரச் சாக்கு. செவுள் ஈரமா இருந்தால் போதும், காற்றையே சுவாசிக்கும். வாளியில் தண்ணி விட்டு அதில் போட்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணியில் இருக்கும் உயிர்க்காற்று தீர்ந்து செத்துடும். குழாய்த் தண்ணியிலும் போடாதீங்க. ஐஸ் மேல் நேரா வைக்காதீங்க, அடியில் ஐஸ், மேலே காகிதம், அதுக்கு மேலே கூடை என்றால் சரி.

நீலக்கால் நண்டு அவ்வளவு தாங்காது. பிடித்த உடனே ஓட்டைப் பிரித்து, செவுள் எடுத்துக் கழுவி, ஐஸில் போட்டு எடுத்துட்டு வாங்க.

வலைக்கு: வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்க, வெறுமனே அலசினால் முடிச்சுக்குள் உப்பு நிற்கும். ஸ்விவலுக்கு ஒரு சொட்டு எண்ணெய். இரை கட்டின பையை அவிழ்த்து எறிஞ்சுடுங்க, மழைக்காலத்தில் அந்த நாற்றத்துக்கு எலி வந்து வலையைக் கடிக்கும். மூடுபனியில் வெளியே எத்தனை நாள் போட்டாலும் காயாது, காற்றோட்டமான தாழ்வாரத்தில் தொங்கவிடுங்க. வெயில் அடிக்கிற நாளில் கூரையில் நாள்கணக்கா போட்டு வைக்கவும் வேண்டாம், நைலான் வெயிலில் நைஞ்சுடும். அடுத்த தடவை எடுக்கும் முன் ஒவ்வொரு முடிச்சையும் கட்டைவிரலால் இழுத்துப் பாருங்க. பிடிக்கயிறு வளையத்தில் சேரும் மூன்று இடம்தான் முதலில் போகும்.